பயிற்சியாளர் நிலைக்காதது ஏன்?

2024 ஜூன் முதல் 2025 ஆகஸ்ட் வரை பதினான்கே மாதங்கள். இதற்குள் இந்தியக் கால்பந்து அணி மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டது. குரோஷியாக்காரரான ஸ்டிமாச் 2024 ஜூனில் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்வெஸ் ஒரு வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை. எட்டு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வெற்றி என்ற கணக்கோடு 2025 ஜூலையில் விலகிக்கொண்டார். ஆகஸ்டில் காலித் ஜமீல் அமர்த்தப்பட்டார். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்புப் பறிபோனதும், அவர் தலையையும் கேட்டுக் குரல்கள் கிளம்பிவிட்டன.

விளையாட்டுப் பக்கத்துச் சமாசாரத்துக்குத் தலையங்கத்தில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. ஒரு மனிதன் ஒரு பொறுப்பில் நிலைக்க முடியாமல் போவது அவனுடைய குணக்கேட்டினாலா, அல்லது அந்தப் பொறுப்பை வைத்திருக்கும் அமைப்பின் சீர்கேட்டினாலா என்பது தொழிலாளி வர்க்கத்துக்கு மிகவும் பழக்கமான கேள்வி. நமது ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் "பையன்கள் ஏன் ஓரிடத்தில் நிலைத்து வேலை செய்வதில்லை?" என்று நிர்வாகங்கள் அங்கலாய்ப்பதை நாம் தினமும் கேட்கிறோம். காண்ட்ராக்ட் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு நிலைத்து நில் என்றால் எப்படி நிற்பான்?

கோச் என்றதும் நம் பக்கத்து ஜனங்களுக்கு முதலில் நினைவு வருவது பெரம்பூரில் செய்யும் ரயில் பெட்டிதான். அந்தக் கோச் சுமார் இருபத்தைந்து வருஷம் தண்டவாளத்தில் ஓடும். மைதானத்துக் கோச்சுக்கு அந்த ஆயுளில் பத்தில் ஒரு பங்குகூட விதிக்கப்படவில்லை!

எப்போதும் இப்படித்தானா? இல்லை. சையத் அப்துல் ரஹீம் என்ற ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் 1950 முதல் 1963இல் இறக்கும்வரை நமது தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்தார். 1951 டில்லி ஆசியப் போட்டியில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம். 1962 ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மீண்டும் தங்கம். இடையில் தோல்விகளும் வந்தன. ஒவ்வொரு தோல்விக்கும் அவரைத் துரத்தியிருந்தால் ஜகார்த்தா கிடைத்திருக்காது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவருடைய வீரர்களில் பலர் உத்தியோகம் உள்ளவர்கள். பி.கே. பானர்ஜி கிழக்கு ரயில்வே ஊழியர். கோல் காத்த தங்கராஜ் ராணுவத்தில் வளர்ந்தவர். கால் முறிந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற தைரியம் அவர்களுக்கு இருந்தது. நமது சென்னையிலும் ஐ.சி.எப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி என்று பொதுத்துறை ஸ்தாபனங்கள்தான் ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டன. இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கிலேயே ஆடியது.

பிறகு ஆட்டத்தை முதலாளிகள் கையில் ஒப்படைத்தார்கள். 2010இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய் என்று ரிலையன்ஸ் கூட்டுக் கம்பெனிக்கு வியாபார உரிமைகளை எழுதிக் கொடுத்தது. 2014இல் ஐ.எஸ்.எல். பிறந்தது. விளக்கு வெளிச்சம், சினிமா நட்சத்திரங்கள், வெளிநாட்டு வீரர்கள், எல்லாம் வந்தன. 2025 டிசம்பரில் ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிப்பதில் இழுபறி என்றவுடன் என்ன நடந்தது? போட்டித் தொடரே உரிய காலத்தில் தொடங்காமல் நின்றது. 2025 ஆகஸ்டில் பெங்களூரு கிளப் சம்பளங்களை நிறுத்தி வைத்தது. நமது சென்னையின் எப்.சி. தன் காரியங்களையே நிறுத்தியது. லாபக் கணக்கு இடித்த மாத்திரத்தில் ஆட்டக்காரனும் பயிற்சியாளனும் புல் வெட்டும் தொழிலாளியும் நடுத்தெருவில்!

அதே சென்னை அணியில் 2019 நவம்பரில் ஜான் கிரிகரி போனது முதல் 2022 நடுவரையில் கோய்ல், லாஸ்லோ, பாண்டோவிச், பிரதாரிச் என்று நாலு வெளிநாட்டார் மாறி மாறி வந்தார்கள். நடுவில் சில ஆட்டங்களுக்கு, இந்தியன் வங்கிக்காக ஆடிய சபீர் பாஷாவிடம் தற்காலிகமாகப் பொறுப்பைக் கொடுத்தார்கள். உள்ளூர்க்காரனுக்கு இந்த வீட்டில் திண்ணைதான்.

துரத்தப்படும் பெரிய பயிற்சியாளருக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஸ்டிமாச்சுக்கு ஒப்பந்தத்தை முறித்ததற்காகச் சம்மேளனம் 4 லட்சம் டாலர், அதாவது 3 கோடி ரூபாய்க்கு மேல், கொடுத்துத் தீர்த்தது. முறையான ஒப்பந்தம் இருந்தது, வாங்கினார். அமெரிக்காவில் இந்த வியாதி இன்னும் முற்றியிருக்கிறது. அங்கே கல்லூரிக் கால்பந்து என்றால் பந்தைக் கையில் பிடித்து ஓடும் வேறு ஆட்டம். பல மாநிலங்களில் அரசு ஊழியரிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் கவர்னர் அல்ல, பல்கலைக்கழகத்துக் கோச்! டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ பிஷர் என்பவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு மட்டும் சுமார் 7 கோடியே 60 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2025 நவம்பரில் லேன் கிபின் என்பவர், மிசிசிப்பி பல்கலைக்கழக அணி முக்கியப் போட்டிகளுக்குள் நுழையும் தறுவாயில் அதை அம்போவென்று விட்டுவிட்டு லூசியானாவுக்குத் தாவினார். பிள்ளைகளோ? களத்தில் எலும்பை முறித்துக்கொள்ளும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்பதே 2025இல் ஏற்பட்ட வழக்கு ஒப்பந்தத்துக்குப் பிறகுதான். டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-2 என்று வாக்களித்துத் தொழிற்சங்கம் கண்டார்கள். கல்லூரி நிர்வாகம் பேரம் பேசவே மறுத்தது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் அதே வருஷம் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது எதற்காக என்று அந்தப் பையன்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கோடிகளை விடுவோம். நமது வாலிபர்களுக்கு முதல் பயிற்சியாளர் யார்? சர்க்கார் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர்தான். பந்து உதைக்கக் கற்றுக் கொடுப்பவரும், ஓடும் கால் எது, ஒளியும் கால் எது என்று கண்டுபிடிப்பவரும் அவரே. அவர் எப்படி வைக்கப்பட்டிருக்கிறார்?

2012இல் அ.தி.மு.க. சர்க்கார் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தியது. இதில் உடற்கல்விக்கு 5,392 பேர். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பல வருஷம் மே மாதத்துக்குச் சம்பளமே கிடையாது. கோடை விடுமுறையில் ஆசிரியனுக்குப் பசிக்காது என்று கோட்டையில் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்! 2021 தேர்தலில் தி.மு.க. தனது 181ஆவது வாக்குறுதியாக இவர்களை நிரந்தரம் செய்வதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்தது. சம்பளம் 12,500 ஆயிற்று. நிரந்தரம்தான் ஆகவில்லை. 2023 அக்டோபரில் டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்து கேட்டவர்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தேர்தல் உடன்பாடு வேறு, இந்த நியாயம் வேறு. அன்றும் நாம் இதைத்தான் சொன்னோம்.

இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த 16,549 பேரில் நாலாயிரம் பேருக்கு மேல் இப்போது இல்லை. சிலர் காலமானார்கள், சிலர் வயதாகி நின்றார்கள். மீதிப் பேர் போய்விட்டார்கள். எங்கே போனார்கள்? கிடங்குக் காவலுக்கு, டெலிவரி வண்டிக்கு, ஷிப்டு பஸ் ஓட்டுவதற்கு. எந்தப் பத்திரிகையும் "பயிற்சியாளர் திடீர் விலகல்" என்று இவர்களுக்குத் தலைப்புப் போடவில்லை.

தனியார் கல்லூரிகளின் கதை இன்னொரு தினுசு. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை நெடுஞ்சாலையின் இரு பக்கத்திலும் கல்லூரிகள். உடற்கல்வி இயக்குநர் ஆடிப்பாடிக் கோப்பை கொண்டுவந்தால் விளம்பரத் தட்டியில் தாளாளர் படம் பெரிதாக வரும். கோப்பை வராவிட்டால் இயக்குநருக்கு அடுத்த ஜூனில் ஆர்டர் வராது. கால்பந்து அணி ஒன்று உருவாக நாலைந்து வருஷமாவது வேண்டும். வருஷா வருஷம் ஆளை மாற்றுகிறவன் அணியை வளர்க்கவில்லை, கோப்பையைச் சந்தையில் வாங்கப் பார்க்கிறான். வேறு கல்லூரி ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்தால் அந்த மனிதர் போகத்தான் செய்வார். அவர் போகும்போது நன்றாக ஆடும் நாலு பையன்களும் கூடவே போகிறார்கள். மீந்த பிள்ளைகள் நடுக்களத்தில் நிற்கிறார்கள்.

மத்திய சர்க்கார் என்ன செய்கிறது? 2024இல் வெளியான கேலோ இந்தியா கணக்கில் உத்தரப் பிரதேசத்துக்கும் குஜராத்துக்கும் தலா 400 கோடிக்கு மேல், தமிழகத்துக்குச் சுமார் 20 கோடி. ஓரவஞ்சனைக்கு வேறு சாட்சியம் வேண்டுமா? கிடைத்த பணமும் பெரும்பாலும் கட்டிடத்துக்கே போகிறது. கட்டிடத்தில் கமிஷன் உண்டு. பயிற்சியாளன் சம்பளத்தில் ஏது கமிஷன்?

செம்பரம்பாக்கத்தில் நமது வாலிபர்கள் பந்தை எடுத்துக்கொண்டு இடம் தேடி அலைகிறார்கள். பட்டணத்துக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கும் ஊர் இது. நேற்று ஆடிய இடத்தில் இன்று கண்டெய்னர் நிற்கிறது, நாளை வேலிக்கல். இரவு ஷிப்டு முடித்து வரும் பையன் காலை ஒரு மணி நேரம் ஆட ஆசைப்படுகிறான். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. இருந்த ஒருவரும் காண்ட்ராக்ட் முடிந்து போனார்.

ஆகவே நாம் கோருவது இவை: உடற்கல்விப் பகுதிநேர ஆசிரியர்களை நிரந்தரம் செய்து, காலமுறைச் சம்பளம் கொடுக்க வேண்டும். சுயநிதிக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களுக்கு மற்ற ஆசிரியர்களைப் போல நியமன உத்தரவும் வைப்பு நிதியும் உண்டா என்று பல்கலைக்கழகங்கள் சோதித்து, இல்லாத இடத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும். 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடக் கடமைப்பட்ட இந்த வட்டாரத்துக் கம்பெனிகள், அந்தப் பட்டியலில் கிராமிய விளையாட்டுப் பயிற்சியும் இருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். செம்பரம்பாக்கம், திருமழிசை, நசரத்பேட்டைப் பகுதியில் மீந்திருக்கும் பொது நிலங்களை வருவாய்த் துறை உடனே அளந்து, இன்னொரு கிடங்குக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்பாக ஊருக்கு ஒரு மைதானம் என்று ஒதுக்கிக் கல் நட வேண்டும். வாலிபர் சங்கத் தோழர்கள் இந்தக் கோரிக்கைக்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவதை இந்த மாதமே தொடங்க வேண்டும்; மனு கலெக்டர் கையில் சேரும்போது அந்த டிரில் மாஸ்டர்களும் கூட நிற்க வேண்டும்.