உடையவன் பாரா வண்டி

உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்பது நம் உழவர் கண்ட உண்மை. பயிருக்குக் கூறிய அம்மொழி, இந்நாளில் வீட்டு முற்றந்தோறும் நிற்கும் மோட்டார்ச் சைக்கிளுக்கும் பொருந்தும் என்பதே யாம் ஈண்டு வற்புறுத்த விழையும் கருத்தாகும். 'உந்துருளி' என்னும் சொல் நன்றே. ஆயினும் ஊரார் வாயில் வழங்கும் சொல்லையே இங்கு ஆள்வோம்.

புதிய வண்டி வாங்கினால் அதனை முதலிற் கோயிலுக்குக் கொண்டுசெல்கிறோம். ஆயுத பூசையன்று கழுவிச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். கண்டி வீதியாற் பயணஞ் செய்வோர் முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கியே அப்பாற் செல்கின்றனர். இவை போற்றத்தக்க வழக்கங்களே. ஆனால், பொட்டு இட்ட அதே கை, ஆண்டின் எஞ்சிய நாள்களில் ஒருமுறையேனும் பிறேக்கின் தேய்வை ஆராய்ந்ததுண்டா? ரயரின் காற்றை அளந்ததுண்டா? பிள்ளையையும் மனைவியையும் ஏற்றிச் செல்லும் பொருளை வணங்கிவிட்டுப் பேணாது விடுதல் எவ்வாறு பொருந்தும்?

'அதற்கெனக் கராச் உண்டு. படித்தவன் கையில் எண்ணெய்க் கறை எதற்கு?' என்பாரும் உளர். கராச்சில் இருப்பவர் எத்துணைத் திறமையாளராயினும், நம் வண்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறையே காண்கின்றார். நாமோ நாள்தோறும் காண்கின்றோம். நேற்றில்லாத ஓசை இன்று எழுவதையும், பிறேக் பிடி முன்னையினும் உள்ளே செல்வதையும் முதலில் அறியத்தக்கவர் உடையவரே. அவர் அறியாதுவிடின், அறிவிப்பது விபத்தாகவே இருக்கும்.

இவ்வறிவு நமக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டின் பின் வடபகுதிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினர் நம்மவர். மண்ணெண்ணெய் செவ்வனே எரியாது. பிளக்கிற் கரி படியும். ஆதலின் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டுதல் ஏட்டுக்கல்வி கற்றாருக்கும் கைவந்த வித்தையாயிற்று. இடர் கற்பித்ததை இடர் நீங்கியதும் மறந்தோம். 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஆடி மாதம் எரிபொருட் பங்கீடு தொடங்கியபோது மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே கிடைத்தது. உள்ள வண்டியை நெடுநாள் காப்பதும், உள்ள எரிபொருளை வீணாக்காது ஓட்டுவதும் எத்துணை இன்றியமையாதன என்பதை அவ்வாண்டுகள் மீண்டும் உணர்த்தின.

இனி, உடையவர் தம் கையாற் செய்யத்தக்கவை யாவை என நோக்குவோம். முதலாவது ரயர். காற்றின் அளவை ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும். வேண்டிய அளவு வண்டியில் ஒட்டிய தாளிலோ கைந்நூலிலோ குறிக்கப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்தால் ரயர் சூடேறும், வளைவிற் வண்டி தளம்பும், பெற்றோலும் வீணாகும். தவாளிப்புத் தேய்ந்த ரயர் மாரிகாலத்து ஈர வீதியில் வழுக்கும்.

இரண்டாவது பிறேக். பழைய உருளைப் பிறேக்காயின், கம்பி முனையிலுள்ள நட்டைத் திருகி இறுக்கலாம். இறுக்கியபின் நடு ஸ்ராண்டில் நிறுத்திச் சில்லைக் கையாற் சுழற்றுக. அது தடையின்றிச் சுழலல் வேண்டும். தேய்வைக் காட்டும் குறி எல்லையைத் தொட்டுவிட்டால், மேலும் இறுக்குதல் தீங்கு; புதிய கட்டை இடுதலே முறை. தட்டுப் பிறேக்காயின் அதன் திரவம் குறித்த கோட்டுக்குக் கீழே இறங்கியதா என்று பார்த்தல் நம் கடன். இறங்கியிருப்பின் திருத்துநரிடம் கொண்டுசெல்க.

மூன்றாவது செயின். பண்ணைத் தாம்போதியால் தீவகத்துக்கு நாள்தோறும் செல்வோர், உப்புக்காற்று செயினை எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கச் செய்யும் என்பதை அறிவர். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலுங் கீழும் அசைத்தால், சிறிய வண்டிகள் பலவற்றில் இரண்டு முதல் மூன்று சதமமீற்றர் அசைதல் இயல்பு. ஐயமெனிற் கைந்நூல் கூறும் அளவே முடிவு. மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையால் அழுக்கை நீக்கி, உலரத் துடைத்து, அளவாக எண்ணெய் இடுக. ரயரிலும் பிறேக்கிலும் துளியும் படலாகாது. இதனைச் செய்யும்போது எஞ்சின் நின்றிருத்தல் வேண்டும். சாவியும் வெளியே எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். சில்லைக் கையாலேயே சுழற்றல் வேண்டும். ஓடும் செயினைத் துடைக்கப் புகுந்து விரல் இழந்தார் உளர்.

நான்காவது எஞ்சின் ஒயில். வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி நிறுத்தி, அளவுகோலில் இரு கோடுகளுக்கிடையே ஒயில் நிற்கின்றதா எனக் காண்க. சிறிய எஞ்சினில் உள்ளது ஏறத்தாழ ஒரு லீற்றரே. அதிற் சிறிது குறைந்தாலும் தேய்வு மிகும். மாற்றிய பழைய ஒயிலை வேலியோரத்தில் ஊற்றுதல் பெருந்தீங்கு. நம் குடாநாடு சுண்ணக்கல் நிலம். மேலே ஊற்றியது கீழே கிணற்று நீரிற் சேரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2015ஆம் ஆண்டளவில் மக்களை எவ்வளவு கலங்கச் செய்தது என்பதை மறத்தலாகாது. பழைய ஒயிலைப் போத்தலில் அடைத்து, அதனைச் சேர்க்கும் கராச்சிற் கொடுத்தலே நெறி.

பிளக்கைக் கழற்றுவதாயின் எஞ்சின் ஆறியபின் கழற்றுக. மீளப் பூட்டும்போது முதலில் விரலாலேயே திருகி, ஈற்றிலேயே ஸ்பனரால் இறுக்குக. மறை பிசகினால் செலவு பெரிது.

இவற்றுக்கு அப்பால் எஞ்சினைப் பிரித்தல் முதலியன கற்றோர் தொழில். எல்லை அறியாது கைவைத்தல் பேணலன்று, கேடு. நம் வண்டியை அறிந்து, குறையைத் தெளிவாக எடுத்துரைப்பவரை நல்ல திருத்துநர் விரும்பி வரவேற்பர்.

இறுதியாகப் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிக்கு மண்டபமும் நூலும் புலமைப்பரிசிலும் வழங்கி வருகின்றீர்கள். அவற்றோடு ஒரு பழைய மோட்டார்ச் சைக்கிளும் ஒரு பெட்டி ஸ்பனரும் வழங்குங்கள். தவணைக்கு ஒரு சனிக்கிழமை, தொழிலறிந்த பழைய மாணவர் ஒருவர் வந்து, உரிமம் பெறும் வயதை நெருங்கும் மேல்வகுப்பு மாணவர்க்கு மேற்கூறியவற்றைச் செய்து காட்டட்டும். உயர்தரத்திற் தொழினுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டு முதல் உண்டேயெனின், அதனைப் பயில்வார் சிலர். வண்டி ஓட்டப்போவார் ஏறக்குறைய யாவரும். கலை பயில்வானுக்கும் கணிதம் பயில்வானுக்கும் பிறேக் ஒன்றே.

தமிழாசிரியர்க்கு இதில் யாது தொடர்பு என வினவுவோர்க்கு ஒன்று கூறுவோம். யாம் இலக்கணம் கற்பித்த பிள்ளைகள் நாளை பாதுகாப்பாக வீடு திரும்பல் வேண்டும். அதனினும் மேலான தொடர்பு வேறில்லை. விழாக் காணும் நம் கல்லூரி நீடு வாழ்க.