கடல் புறாவும் எங்க அத்தையும்

ரொம்ப நாளாத் தள்ளிப் போட்டுகிட்டு வந்த பதிவு. சாண்டில்யன் ரசிகர்கள் கல்லெடுக்கறதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சிடுங்க. எதிர்க்கட்சிக்காரங்களும் அப்படியே :-)

2022-ல பொன்னியின் செல்வன் படம் வந்தாலும் வந்தது, பார்க்கிறவங்க எல்லாம் கையில அஞ்சு பாகத்தோட திரிஞ்சாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அதோட ஒட்டிகிட்டு இன்னொரு பேச்சும் வந்தது. "கல்கி இலக்கியம், சாண்டில்யன் சும்மா பொழுதுபோக்கு. வர்ணனைய எடுத்துட்டா கடல் புறா மூணு பாகமும் ஒரு பாகத்துல முடிஞ்சுடும்"னு. இதைச் சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன். சொன்ன இடம்தான் தப்பாப் போச்சு. காணையில, எங்க அத்தை வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து சொல்லிட்டேன்.

அத்தை எட்டாங்கிளாஸோட நின்னவங்க. குமுதத்துல தொடரா வந்தப்போ வாராவாரம் யார் வீட்டுலயாவது வாங்கிப் படிச்சு, அப்புறம் வானதி போட்ட புத்தகத்தை இரவல் வாங்கி மறுபடி படிச்சவங்க. சாண்டில்யன் பிறந்தது திருக்கோவிலூர், 1910-ல. இன்னைக்கு அது கள்ளக்குறிச்சி மாவட்டம், அன்னைக்கு நம்ம தென்னாற்காடு. எங்க ஊர்லேர்ந்து அப்படியொன்னும் தூரமில்ல. அதனால அத்தைக்கு அவர் "நம்ம பக்கத்து ஆளு". நம்ம பக்கத்து ஆளைக் குறை சொன்னா விடுவாங்களா?

முதல்ல என் கட்சியைச் சொல்லிடறேன். கொஞ்சம் போக்கிரித்தனம் உள்ள கதாநாயகன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும். பொய் சொல்லுவான், சுவரேறிக் குதிப்பான், மாட்டிகிட்டா சிரிப்பான். வந்தியத்தேவன் அந்த ஜாதி. அவன்கிட்ட நாடு கிடையாது, காசு கிடையாது, இருக்கிறது ஒரு குதிரையும் வாயும்தான். ஆத்தங்கரையில முதலைன்னு நினைச்சு வேலை எறியறான், பார்த்தா அது பஞ்சு அடைச்ச முதலை! பொண்ணுங்க எல்லாம் சிரிக்கறாங்க. ஒரு சாகசக் கதையில நாயகனை இப்படி அசடு வழிய வைக்க ஆசிரியருக்குத் தைரியம் வேணும். கடைசியில செய்யாத கொலைக்குப் பாதாளச் சிறைக்கும் போறான். அவனோட துடுக்குத்தனத்துக்கு ஒரு விலை இருக்கு, அதை அவன் கொடுக்கறான்.

இளையபல்லவன் அப்படியில்ல. கருணாகர பல்லவன், கலிங்கத்துப்பரணியில வர்ற அதே கருணாகரத் தொண்டைமான்தான். சமாதான ஓலையோட கலிங்கத்துப் பாலூர்ப் பெருந்துறைக்கு வர்றான். அங்கே அவமானம், சிறை, தப்பித்தல். அப்புறம் அகூதாங்கிற சீனக் கொள்ளைக்காரன்கிட்ட தொழில் கத்துகிட்டு, இரண்டாம் பாகத்துல அட்சயமுனைக்கு வரும்போது முழுக் கடற்கொள்ளைக்காரன். அநியாயத்தால கொள்ளைக்காரனாகிற நல்லவன்ங்கிற இந்த அச்சு உலகம் முழுக்க ஓடினதுதான். ரஃபேல் சபாட்டினி 1922-ல எழுதின கேப்டன் பிளட் அதே கதி. நம்ம ஆயிரத்தில் ஒருவன் (1965, வாத்தியார் படத்தைச் சொல்றேன்) பார்த்தவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல.

என் புகார் என்னன்னா, இளையபல்லவன் தோக்கவே மாட்டேங்கறான். அவன் சிரிச்சா திட்டம் இருக்கு, பேசாம இருந்தா இன்னும் பெரிய திட்டம் இருக்கு. சுத்தி இருக்கிற அமீர், கண்டியத்தேவன் எல்லாரும் "இவர் என்ன செய்யப் போறார்?"னு வியந்துகிட்டே இருக்கணும், கூடவே நாமளும். இவனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ஒரு பக்கத்துலயாவது பயந்தேனா? இல்ல. போக்கிரிக்கு வழுக்கி விழற பயம் இல்லேன்னா அவன் போக்கிரியே இல்ல, மாறுவேஷம் போட்ட மந்திரி. இதுதான் திண்ணையில நான் நிகழ்த்திய சொற்பொழிவு.

அத்தை முறத்துல அரிசியைப் புடைச்சுகிட்டே கேட்டாங்க. அப்புறம், "ஏண்டா, இந்த வூட்ல யாரு ஜெயிச்சிருக்கா சொல்லு. உங்க தாத்தா கடன்ல போனாரு, உங்கப்பன் நெலத்த வித்தான். ஜெயிக்கிறவன் ஒருத்தன புத்தகத்துலயாவது பாக்கக் கூடாதா?"ன்னாங்க.

நான் வாயைத் திறக்கல. இலக்கியக் கோட்பாடு எதுலயும் இதுக்குப் பதில் எழுதி வைக்கல போலிருக்கு.

சரி, வர்ணனை? அத்தை அலட்டிக்கவே இல்ல. "அந்தப் பக்கமெல்லாம் தாண்டிப் போயிடுவோம். அவரு எழுதினாரு, நாங்க தாண்டினோம்." லதா படத்தைப் பார்க்கிறதுக்குன்னே பக்கம் புரட்டினவங்களும் ஊர்ல உண்டாம். ஆனா காஞ்சனாதேவி வர்ற முதல் காட்சியை இன்னைக்கும் மனப்பாடமாச் சொல்றாங்க. ஆபத்துக்குத் தப்பிச்சு மாடியறைக்குள்ள குதிக்கிறான் இளையபல்லவன், எதிர்ல ஒரு பொண்ணு கையில வாளோட நிக்கறா. "நாங்க கையில துடைப்பம்தாண்டா புடிச்சிருந்தோம்" - இது அத்தை. யோசிச்சுப் பார்த்தா, அந்தப் பெண்ணோட உடம்பை நாலு பக்கம் வர்ணிச்ச அதே ஆசிரியர்தான் அவ கையில வாளையும் கொடுத்திருக்கார். நான் முதலாவதை மட்டும் கணக்குல எழுதினேன். அத்தை ரெண்டாவதை எடுத்துகிட்டு மத்ததைத் தாண்டிப் போயிருக்காங்க. யார் நல்ல வாசகர்னு நீங்களே சொல்லுங்க.

இதோட விட்டிருந்தா நான் முழுசா சரணாகதி ஆகியிருப்பேன். ஆனா அத்தைக்கும் இளையபல்லவன் மேல ஒரு கோபம் இருக்கு. முதல் பாகத்தை எத்தனை தடவை படிச்சாங்கன்னு கணக்கில்ல. இரண்டாம் பாகம் மட்டும் ஒரே தடவைதான். ஏன்னு கேட்டேன்.

"அங்க ஒருத்தி இவன நெனச்சிகிட்டு இருக்கா. இவன் அட்சயமுனையில எறங்கினதும் மஞ்சளழகி பின்னாடி போயிட்டான்."

எங்க மாமாவுக்குத் திண்டிவனத்துல இன்னொரு குடும்பம் இருந்தது. குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசறதில்ல. அத்தையும் அதுக்கு மேல ஒன்னும் சொல்லல. அரிசியில கல் பொறுக்கிப் போட்டுகிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த மஞ்சளழகியும் என்னா பண்ணுவா, பாவம். கடல்ல எத்தினி கப்பல வேணா கொள்ளையடிக்கட்டும். வூட்ல வேணாம்"னாங்க.

போக்கிரி நாயகனுக்கு ஒரு விலை இருக்கணும்னு நான் இத்தனை நேரம் வாய் கிழியப் பேசினேனே, அந்த விலையை இந்தக் கதையில யார் கொடுக்கறாங்கன்னு எனக்கு அப்போதான் உறைச்சது. இளையபல்லவன் கொடுக்கல. ரெண்டு பொண்ணுங்க காத்திருந்து கொடுக்கறாங்க. கதை அதைக் காதல்னு சொல்லிட்டுப் போயிடுது. கடல் புறாவைப் பத்தி இன்னைக்கு எனக்கு இருக்கிற ஒரே பெரிய புகார் இதுதான். வர்ணனை, நீளம், மாட்டிக்காத நாயகன் எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன்.

கல்கி பக்கமும் ஒன்னு சொல்லணும். வந்தியத்தேவன் துடுக்குக்காரன்தான், ஆனா குந்தவை முன்னாடி நின்னா பெட்டிப்பாம்பு. நந்தினி எத்தனை வலை வீசியும் தடுமாறறானே தவிர விழல. அத்தைகிட்ட இதைச் சொன்னேன். "அவன் நல்ல புள்ளதான். ஆனா அவங்கிட்ட கப்பல் இல்லியே"ன்னு ஒரே போடா போட்டாங்க!

இன்னொரு விஷயம், சும்மா ஒரு உபரி. பரணியில இதே கருணாகரன் கலிங்கத்தை அழிச்ச பின்னாடி களத்துல பேய்ங்க கூழ் காய்ச்சிக் குடிக்கும். கப்பம் கட்டலன்னு போன படை. அந்தப் பயங்கரமான சேனாபதிக்கு, சிரிச்ச முகமா ஒரு இளவயசுக் கதை கட்டணும்னு தோணினதே சாண்டில்யனோட பெரிய கெட்டிக்காரத்தனம்னு நினைக்கிறேன். கூழ் குடிக்கிற பேய்ங்களை அத்தைகிட்ட சொன்னேன். "கேப்பையா, கம்பா?"ன்னு கேட்டாங்க.

போன மாசம் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. இப்போ நான் போறப்பல்லாம் வாசிச்சுக் காட்டறேன். வர்ணனை வந்தா என் குரல் தானா இறங்கிடும், அத்தை கையை ஆட்டி "தள்ளு தள்ளு"ம்பாங்க. முதல் பாகம் முடிஞ்சுது. இரண்டாவதை எடுக்கட்டுமான்னு கேட்டேன். வேணாமாம், யவன ராணி வேணுமாம். என்கிட்ட இருக்கிற பிரதி செல்லரிச்சுப் போச்சு. கொஞ்சம் பெரிய எழுத்துல வந்த பதிப்பு ஏதாவது உங்க கண்ணுல பட்டா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. கண்ணு சரியானதும் தானே படிச்சுக்குவேன்னு பிடிவாதமா இருக்காங்க. நான் எதையோ தாண்டி வாசிக்கறேன்னு சந்தேகம் வந்துடுச்சாம்.