வயல் ஈரநிலம் இல்லையென்றால், சேரி எதில் நிற்கிறது?

ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், எது ஈரநிலம் என்பதைவிட எது ஈரநிலம் இல்லை என்பதில்தான் அதிகக் கவனமாக இருக்கின்றன. ஆற்றின் நீரோட்டப் பாதை இல்லை. நெல்வயல் இல்லை. குடிநீருக்காக மனிதர் வெட்டிய குளம் இல்லை. பாசனத்துக்கும் உப்புக்கும் மீன், இறால் வளர்ப்புக்கும் கட்டியவை இல்லை. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திருக்கடையூரிலிருந்து கிழக்கே கடல்வரை நடந்து பாருங்கள். வழியில் படும் தண்ணீரின் பெரும்பகுதி சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்.

1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கையில் இந்தியா 1982இல் சேர்ந்தது. கடல்சார்ந்தவை, உள்நாட்டவை, மனிதர் உருவாக்கியவை என்று மூன்று பெரும் பிரிவுகளாக 42 வகை ஈரநிலங்களை அது சொல்கிறது. நெல்வயலும் பாசன வாய்க்காலும் மூன்றாம் பிரிவில் இருக்கின்றன. 2008இல் தென்கொரியாவின் சாங்வோனில் கூடிய மாநாடு, நெல்வயலின் உயிர்ப்பன்மையைக் காக்கத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. வெளியில் ஒப்புக்கொண்டதை வீட்டுக்குள் மறுப்பது இது. (2001இல் டர்பன் மாநாட்டில் நடந்தது இதற்குத் தலைகீழ்: வீட்டுக்குள் இருக்கும் சாதியை வெளியில் பேசவிடாமல் தடுத்தார்கள்.)

'மனிதர் உருவாக்கியது' என்ற சொல்லில்தான் என் ஆய்வு சிக்கி நிற்கிறது. எந்த மனிதர்? காவிரிக் கடைமடையில் வாய்க்கால் வெட்டியதும் தூர் அள்ளியதும் வரப்புக் கட்டியதும் மடைக்குக் காவல் கிடந்ததும் பள்ளர், பறையர் சாதிப் பண்ணையாட்கள். தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. அதுவரை நினைத்த நாளில் அவர்களை விரட்ட முடிந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் இந்த மண்ணின் நிர்வாகமுறையாகவே இருந்தன. களப்பணியில் ஒரு மூதாட்டி சொன்னார்: "கணக்குல மிராசு பேரு இருக்கும் தம்பி. வாய்க்கால்ல எங்க அப்பன் காலு இருக்கும்." வருவாய்த்துறைக்கு நன்செய், புன்செய், புறம்போக்கு. எல்லாம் வரி பார்த்து வைத்த பெயர்கள். அதில் உழைத்தவரின் பெயருக்கு ஒரு பத்தியும் கிடையாது.

மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்தால் கூடவே மீன்குஞ்சும் வரும். வயலில் கெண்டை, கெளுத்தி, குரவை. வரப்பு வளையில் நண்டு. சேற்றில் நத்தை. ஓரத்தில் ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி. கூலி இல்லாத நாட்களில் சேரியின் சட்டி இவற்றால்தான் நிறைந்தது. நத்தை தின்கிறவர்கள் என்று ஏளனம் செய்த ஊர், பூச்சிமருந்தில் அந்த நத்தை செத்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயல் இன்னொரு வேலையும் செய்கிறது. தேங்கிய நன்னீர் மண்ணுக்குள் இறங்கி, கடலின் உப்பு உள்ளே ஏறாமல் அழுத்தி வைக்கிறது. தண்ணீர் வராவிட்டால் உப்பு ஏறும். அது முதலில் தெரிவது தாழ்வான வடிகால் ஓரத்துத் தெருவின் கைப்பம்பில். அந்தத் தெரு யாருடையது என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இறால் குட்டைகள் கடல்நீரை ஏற்றி அந்த உப்பை நேரடியாகவே கொண்டுவந்தன. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈரநிலம், ஊர்ப் பொதுநிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக்கூடாது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. இன்று குட்டைக்கு ஆணையம் உண்டு, பதிவு உண்டு. வயலில் நாற்று நட்டவளுக்கு என்ன உண்டு? இயந்திரங்கள் வந்த பிறகும் நெல் கொஞ்சமாவது ஆள் கேட்கிறது. குட்டைக்குத் தீவனம் போட ஒருவரும் காவலுக்கு ஒருவரும் போதும்.

வயலை ஈரநிலம் என்று அறிவித்தால் விவசாயமே செய்ய முடியாது என்று விவசாய சங்கங்களில் ஓர் அச்சம் இருக்கிறது. நியாயமான அச்சம்தான். ஆனால் கேரளம் 2008இலேயே நெல்வயலையும் ஈரநிலத்தையும் ஒரே சட்டத்தில் வைத்தது. அங்கே உழவு நின்றுவிடவில்லை. என் குறை வேறு. அங்கும் நிலச்சீர்திருத்தத்தில் குத்தகைதாரருக்கு வயல் போனது, வயலில் உழைத்த தலித்துக்குக் குடியிருப்பு மனையோடு முடிந்தது. வயலைக் காப்பதும் வயலில் உரிமை தருவதும் ஒன்றல்ல.

2017 விதிகளிலேயே ஒரு சிறு வாசல் இருக்கிறது. ஓர் ஈரநிலத்தை அறிவிக்கும் முன் தயாரிக்கும் ஆவணத்தில், அங்கே ஏற்கெனவே இருக்கும் உரிமைகளையும் சலுகைகளையும் எழுத வேண்டும். தமிழ்நாடு அரசு ஈரநில இயக்கம் நடத்துகிறது, அளவெடுப்பவர்கள் வருவார்கள். வந்தால் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டோடு திரும்பிப் போகவிடக் கூடாது. நண்டு பிடித்தது, நத்தை பொறுக்கியது, கீரை பறித்தது, கோரை அறுத்தது, ஆடு மேய்த்தது, எந்தக் குளத்தில் யாரை இறங்கவிடவில்லை என்பது: அத்தனையும் சேரியில் உட்கார்ந்து எழுதி வாங்க வேண்டும்.