ஊர் என்னும் ஒரு சொல்

புதுக்கோட்டை சமஸ்தானமாக விளங்கிய காலத்தில் அதன் மூன்று வட்டங்கள் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்பன. இன்றும் குளத்தூர் வட்டம் அப்பெயராலேயே வழங்குகிறது. அதன் தலைமையிடம் மட்டும் கீரனூர். ‘குளம்’ என்பது ‘அத்து’ச் சாரியை பெற்று ‘ஊர்’ என்பதோடு புணர்ந்து ‘குளத்தூர்’ ஆயிற்று. வானம் பார்த்த பூமியில் முன்னோர் முதலில் நீருக்கு வழி தேடினர், பின்னரே வீடு கட்டினர் என்பதை இப்பெயரே உணர்த்துகிறது.

இப்பெயரின் பிற்பகுதியாகிய ‘ஊர்’ என்னும் சொல், அதே ஒலியோடும் அதையொத்த ஒலியோடும் உலக மொழிகள் பலவற்றில் வழங்குகிறது. ஆனால் பொருள்தான் மொழிக்கு மொழி வேறுபடுகிறது. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள மலைப்பகுதியில் பேசப்படும் பாஸ்க் மொழியில் ‘உர்’ என்றால் தண்ணீர். எபிரேய மொழியில் ‘ஊர்’ என்றால் தீச்சுடர். ஜெர்மன் மொழியில் அது ‘ஆதியான’ என்னும் பொருள் தரும் முன்னொட்டு. பாட்டனைக் குறிக்கும் சொல்லின் முன் அதைச் சேர்த்தால் கொள்ளுப்பாட்டன் ஆகிவிடுவார். சுவீடன் நாட்டு மொழியிலோ ‘ஊர்’ என்றால் கடிகாரம்!

இவற்றையெல்லாம் விடப் புகழ்பெற்றது இராக்கின் தென்பகுதியில் இருந்த ‘ஊர்’ என்னும் பண்டைய நகரம். லெனார்டு வூல்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1922 முதல் 1934 வரை அங்கே அகழ்வாராய்ச்சி நடத்தினார். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் சந்திர தெய்வத்துக்காக எழுப்பப்பட்ட படியடுக்குக் கோயில் மேடை இன்றும் அங்கே நிற்கிறது. நகரின் பெயர் ஊர். அந்நகரத்தார் பேசிய சுமேரிய மொழியில் நகரத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லும் ‘உரு’. போதாக்குறைக்கு நடுவில் ஒரு கோயில்! அந்நகரைக் கட்டியவர் தமிழரே என்று சிலர் மேடையேறி முழங்குவதற்கு இவ்வளவு போதாதா?

போதாது என்பதே மொழியறிஞர் முடிவு. அந்நகரின் பழைய சுமேரியப் பெயர் ‘உரிம்’ என்பதாகும். மேலும், இரு மொழிகள் உறவுடையவை எனக் கொள்ள ஒரு சொல்லின் ஒலியொப்புமை சான்றாகாது. எண்ணுப்பெயர், உறவுப்பெயர், வினைச்சொல் எனப் பலவும் ஓர் ஒழுங்கில் ஒத்துவர வேண்டும். சுமேரிய மொழிக்கு எந்த மொழிக் குடும்பத்தோடும் அத்தகைய உறவு நிறுவப்படவில்லை.

ஒலி ஏமாற்றும் என்பதற்கு அந்தச் சுவீடன் நாட்டுக் கடிகாரமே நல்ல சான்று. அச்சொல்லின் மூலம், காலத்தைக் குறிக்கும் ‘ஹோரா’ என்னும் கிரேக்கச் சொல். நம் பஞ்சாங்கத்தில் சுக்கிர ஹோரை, குரு ஹோரை என்று பார்க்கிறோமே, அந்த ஹோரையும் கிரேக்கத்திலிருந்து வந்ததே என்பது ஆய்வாளர் கொள்கை. ‘அஹோராத்ரம்’ என்பதன் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் நீங்கி ‘ஹோரா’ ஆயிற்று எனச் சிலர் கூறுவதை வராஹமிஹிரர் தம் பிருஹத் ஜாதகத்தில் குறிப்பிடுகிறார். ஆய்வாளர் கொள்கைப்படி, அந்த அயல்நாட்டு ‘ஊர்’ நம் ஊருக்கு உறவன்று; ஹோரைக்கே உறவு. பார்வைக்கு ஒன்றாயிருப்பவை அந்நியமாகவும், வேறாகத் தோன்றுபவை பங்காளிகளாகவும் இருப்பது சொல்லுலகின் விந்தை.

நம் ‘ஊர்’ என்னும் சொல்லுக்கு உண்மையான உறவினர் அண்டை வீட்டிலேயே இருக்கின்றனர். மலையாளத்தில் ஊர், கன்னடத்திலும் தெலுங்கிலும் ஊரு. இவை ஒருதாய் மக்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜெய்ப்பூர், நாகபுரி முதலியவற்றின் ஈற்றில் உள்ளது ‘புரம்’ என்னும் வடசொல். அது ஊரின் திரிபன்று.

இனி, அச்சொல் நம் முன்னோரிடத்தில் என்ன பொருள் பெற்றிருந்தது என்பதைக் காண்போம். சோழர் காலத்தில் பிரம்மதேயங்களில் கூடிய அவை ‘சபை’ எனப்பட்டது. வணிகர் அவை ‘நகரம்’ எனப்பட்டது. பழைய குளத்தூர் வட்டத்து நார்த்தாமலை அத்தகைய நகரத்தார் வாழ்ந்த இடமே. வேளாண் குடிகளின் அவைக்கு ‘ஊர்’ என்றே பெயர். கோயிலுக்கு நிலம் விட்டபோதும் விளக்குக்குப் பொன் பெற்றபோதும் அவர்கள் கல்லில் தம்மைக் குறித்துக்கொண்ட சொல் ‘ஊரோம்’. ஊர் என்பது அவர்களுக்கு வெறும் இடமன்று. கூடி நின்று பொறுப்பேற்ற மக்கள்.

அந்தப் பொருள் இன்னும் முற்றிலும் மறையவில்லை. ‘ஊர் என்ன சொல்லும்?’ என்று அஞ்சும்போது எவரும் மண்ணையோ மதிலையோ எண்ணுவதில்லை. நார்த்தாமலை மாரியம்மனுக்குப் பங்குனியில் தேர் ஓடுவது ஊர் கூடி வடம் பிடிப்பதால்தான். ஊரார் உண்ணும் நீருக்கு ‘ஊருணி’ என்று பெயர். ஒப்புரவறிந்தவன் செல்வத்துக்கு வள்ளுவர் உவமையாக எடுத்தாண்டதும் நீர் நிறைந்த அந்த ஊருணியையே.

இன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளரும் பேரப்பிள்ளைகளிடம் “சொந்த ஊர் எது?” என்று கேட்டால் ஒரு பெயர் சொல்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை குலதெய்வத்துக்குப் பொங்கலிட வருகிறார்கள், மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஊர் என்பது வழிகாட்டிப் பலகையில் உள்ள எழுத்தாகச் சுருங்கிவருகிறது. நெடுந்தொலைவிலுள்ள இடிபாட்டுக்கு உறவு கொண்டாடும் நாம், தூர்ந்துகிடக்கும் நம் ஊருணியைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாமா?

அடுத்த முறை பிள்ளைகள் வரும்போது, சந்நிதியில் தீபாராதனை கண்டபின் பெரியோர் அவர்களைச் சற்று நேரம் கோயிற்சுவரின் கல்வெட்டருகே நிறுத்தலாம். பின்னர்க் குளக்கரைக்கு அழைத்துச் சென்று, அதை வெட்டியவர் யார், அது எப்போது நிறையும், அதன் நீர் எந்த வயலுக்குப் பாயும் என்று சொல்லலாம். தூர் எடுக்கும் பணிக்கு அவர்கள் கையாலேயே ஒரு சிறு தொகையைக் கொடுக்கச் செய்யலாம். ‘ஊரோம்’ என்று கல்லில் எழுதியவர்களின் வரிசையில் அப்பிள்ளைகளும் சேர அம்பிகை அருள்புரிவாளாக.