மண்ணிற் குடியிருப்போர் யாவர்?

தினைப்புலத்தின் ஒட்டைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டமையால் ஒட்டுசுட்டான் எனப் பெயர் வந்ததென்பது ஊர் வழக்கு. தான்தோன்றீஸ்வரரின் பெருமை கூறும் அக்கதை, பழைய கமத்தொழில் வழக்கமொன்றையும் உடன் சுமந்து வருகின்றது. அறுவடையின்பின் எஞ்சும் தாளைச் சுட்டால் அதிலுள்ள நைதரசனிற் பெரும்பகுதி புகையோடு போய்விடும். மண்ணிலே விட்டால் நுண்ணங்கிகள் அதனை உண்டு சிதைத்து அடுத்த பயிருக்குத் திருப்பிக் கொடுக்கும். சுட்டவனின் செயல் ஊருக்குப் பெயராயிற்று. உண்ணும் உயிர்கள் எவையென விசாரித்தவர் மிகச் சிலர்.

2021 ஏப்பிரலில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது; நவம்பரில் அத்தடை நீங்கிற்று. இடையில், சீனாவிலிருந்து தருவிக்கப்பட்ட சேதனப் பசளையின் மாதிரியிற் காணப்பட்ட எர்வினியா என்னும் பற்றீரியா நாடெங்கும் பேசுபொருளாயிற்று. வெளியிலிருந்து வருவதைச் சோதித்தது முறையே. ஆனால், முத்தையன்கட்டுக் குளத்து நீர் பாயும் வயலில் ஏலவே வாழ்வன எவை, யூரியா நின்றால் அவை எவ்வளவு ஈடுசெய்யும் என்று கேளாமலே மேடைகளில் இரு கட்சியாயினர். ஒரு சாரார்க்கு மண் வெறும் பாத்திரம். மறு சாரார்க்கு வற்றாத அமுதசுரபி. தோண்டிப் பார்க்கும் பொறுமை இரு சாராரிடமும் இல்லை. இழப்பை ஏற்றவர் அப்பெரும்போகத்துக் கமக்காரர்.

வினா புதியதன்று. பசளையிடாத வங்க நெல்வயல்கள் வளங்குன்றாதிருப்பதன் காரணத்தை ஆராய்ந்த பி. கே. தே, நீர் தேங்கிய வயலில் நீலப்பச்சை அல்காக்கள் வளியின் நைதரசனைப் பதிப்பதே அது என 1939 இல் எழுதினார். யூரியா மிகுந்தால் அவற்றின் அத்தொழில் குன்றும். உயர்விளைவு நெல்லினங்களின் பசியையோ அவை மாத்திரம் தீர்க்கமாட்டா. இவ்விரு உண்மைகளையும் எடைபோட்டிருந்தால் ஒரே போகத்தில் யாவும் மாறுமென்று எவரும் வாக்களித்திரார்.

புட்டியில் அடைத்த நுண்ணங்கிகளை வாங்கித் தெளித்தாற் போதும் என்போரும் உளர். காட்டுமண், குளத்துச் சேறு, நந்திக்கடலின் உவர்ச்சேறு ஆகிய மூன்றிலும் ஒரே குடிகளா வாழ்கின்றன? ஒட்சிசனற்ற குளத்துச் சேற்றில் மெதேன் ஆக்குவன செழிக்கும். உவர்ச்சேற்றில் சல்பேற்றைச் சுவாசிப்பன ஓங்கும். முல்லை, மருதம், நெய்தல் எனத் திணை வகுத்து, நிலத்துக்கு நிலம் வாழ்க்கை வேறெனக் கண்ட மரபினர்க்கு இது விளங்காததன்று. வந்தேறும் நுண்ணங்கி பழங்குடிகளோடு போட்டியிட்டே நிலைக்கவேண்டும், பல நிலைப்பதில்லை.

மண்ணில் நுணுக்குக்காட்டி காட்டும் பற்றீரியாக்களில் நூற்றில் ஒன்றளவே பெத்திரிக் கிண்ணத்தில் வளர்வன. எஞ்சியவற்றை அவற்றின் மரபணுக்களை வாசித்தே அறியவேண்டும். அதற்குச் செலவு மிகுதி என்பது உண்மை. தொடங்காமைக்கு அது சாட்டன்று. உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1880களில் கையாண்ட முறைக்குக் கண்ணாடிப் போத்தல், குளத்துச் சேறு, கிழித்த கடதாசி, முட்டை மஞ்சட்கரு, சன்னலோர வெளிச்சம் ஆகியன போதும். சில வாரங்களிற் பச்சையும் ஊதாவும் கருமையுமாகக் குடிகள் தத்தம் படையிற் பிரிந்து நிற்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் உண்டு. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. இரண்டிலிருந்தும் ஒட்டுசுட்டானுக்கு ஒரு காலைப் பயணந்தான்.