வெயில் இல்லாத ஊரில் வெளிக்கிடுவது

மார்கழியில் யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுக்கிற எல்லாரும் எங்களிடம் கேட்பது இதைத்தான்: "வெயிலே இல்லாத ஊரில என்னண்டு பிள்ளையள் இருக்கிறியள்?" அம்மம்மா கேட்டால் அது பாசம். எங்கள் வயதுக்காரரும் அதே பாவம் பார்க்கிற குரலில் கேட்டால் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

நாங்கள் வளர்ந்தது ட்ரொம்சோவில். நோர்வேயின் வடக்கு, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே. நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் அடிவானத்தைத் தாண்டி வராது. அதுக்காக நாள் முழுக்கக் கும்மிருட்டு எண்டில்லை. மத்தியானத்தை ஒட்டிச் சில மணித்தியாலம் வானம் நீலமாக வெளிக்கும், தெற்கில் ரோசா நிறம் ஏறும், கீழே கிடக்கிற பனியும் அதே நிறமாகும். கடலில் வரும் வெந்நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதும் இல்லை.

இந்தக் காலத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடப்பதுதான் பிழை என்பது எங்கள் கட்சி.

நத்தாரே இங்கே பாதி வெளியில்தான் நடக்கிறது. முதலாம் அட்வென்ட் ஞாயிறோடு யன்னல்களில் நட்சத்திர விளக்குகள் வந்துவிடும். தெருவில் நடந்தால்தான் அதன் அழகு தெரியும். 24ஆம் திகதி பின்னேரம் 5 மணிக்குக் கோயில் மணிகள் அடிக்கும். அன்றைக்குச் சேமக்காலைக்குப் போய், பனியை விலக்கி, கல்லறையடியில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவார்கள். இருட்டில், வெள்ளைப் பனிக்குள், வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வெளிச்சங்கள். ஊரில் சகல ஆன்மாக்கள் தினத்தன்று சேமக்காலைக்குப் போனவர்களுக்கு நாங்கள் சொல்வது விளங்கும்.

காட்டுக்குப் போவதற்கு ரிக்கெற் இல்லை. 1957இல் வந்த ஒரு சட்டப்படி, பயிர் செய்யாத நிலத்தில் யாரும் நடக்கலாம், ஸ்கீ ஓடலாம். சொந்தக்காரரிடம் கேட்கத் தேவையில்லை. ஏப்ரல் 15இலிருந்து செப்டெம்பர் 15 வரை காட்டில் நெருப்பு மூட்டத் தடை. ஆகவே, பனிக்காலம்தான் நெருப்புக் காயும் காலம்! தலையில் ரோச் லைட்டைக் கட்டி, உள்ளே கம்பளி போட்டு, விறகும் சொசேஜும் சுடுதண்ணிப் போத்தலில் கோப்பியும் கொண்டு போனால் ஒரு பின்னேரம் போதாது.

ஆனால் எங்கள் ஆக்களைக் கனக்க அங்கே காணக் கிடைக்காது. காரணம் தெரியாமலில்லை. எண்பதுகளின் கடைசியிலிருந்து ஃபின்மார்க் கரையோரக் கிராமங்களுக்கு வந்த தமிழர் பலர் மீன் பக்ரறிகளில் நின்றவர்கள். அவர்களுக்குக் குளிர் என்றால் வேலை. விரல் விறைக்க மீன் வெட்டிவிட்டு வந்தவரிடம் "வாங்கோ, வெளியில உலாத்துவம்" எண்டு சொன்னால் சிரிப்பாரா, அடிப்பாரா?

அவர்களில் எங்களுக்குக் குறையில்லை. இங்கேயே பிறந்த எங்கள் வயதுக்காரர் "ஸ்கீ எல்லாம் வெள்ளையளின்ர விளையாட்டு" எண்டு சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. சாமான் விலைதான், உண்மை. ஆனால் இலவசமாக இரவல் தருகிற இடங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. இருட்டு சிலரைச் சரியாக வாட்டும், நித்திரை குழம்பும், அதுவும் உண்மை. அப்படியானவர்தான் அந்த நாலு மணித்தியால நீல வெளிச்சத்தைத் தவறவிடக்கூடாது. அப்பா, அம்மா வரி கட்டி வாழ்ந்த ஊர், அதன் காடு மட்டும் எப்படி மற்றவனுடையதாகும்?

போன வருசம் எங்களில் ஒருத்தியின் அம்மாவை, இருபது வருடம் மீன் வெட்டியவவை, ஒருமாதிரி இழுத்துக்கொண்டு போனோம். வழி முழுக்கப் பேச்சு. நெருப்பு பிடித்ததும் பையிலிருந்து றோல்ஸை எடுத்து, தடியில் குத்திச் சூடாக்கினா. இரண்டாம் றோலுக்குப் பிறகு பேச்சு நின்றது. வானத்தைப் பார்த்தபடி, "இவ்வளவு காலமும் இதுக்குள்ளயோ இருந்தனாங்கள்" என்றா.

இந்த முறை டிசம்பர் பிறக்க முதலே அவவின் மெசேஜ் வந்துவிட்டது: "விறகு வாங்கியாச்சோ?"