கணக்கு முடிக்கத் தெரிந்த விளையாட்டுகள்

நாற்பதைக் கடந்தவர்களிடம், சிறுவயதில் விளையாடிய கணினி விளையாட்டுகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோருக்குப் பெயர் நினைவுக்கு வராது, காட்சிதான் வரும். ஹெலிகாப்டரிலிருந்து குடை விரித்துக் குதிக்கும் வீரர்கள், அவர்களைக் கீழிருந்து சுடும் ஒரு பீரங்கி. மதில்மேல் ஓடி, திறந்திருக்கும் சன்னலுக்குள் பாயும் ஒரு பூனை. மண்ணைக் குடைந்து மரகதம் சேர்க்கும் ஒரு சிறு வண்டி. முதலாவதன் பெயர் பாராட்ரூப்பர், அடுத்தது ஆலி கேட், மூன்றாவது டிக்கர். மூன்றும் 1980-களின் முற்பகுதியில் வட அமெரிக்காவில் உருவானவை. இன்று அவற்றின் பெயரைச் சொல்வோரே குறைவு. எனினும் நம் நாட்டில் பலருக்குக் கணினி என்பது அந்த விளையாட்டுகளின் வழியேதான் அறிமுகமாயிற்று.

இந்த நினைவுகளை வெறும் ஏக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை என்பது நம் கருத்து. வணிகவியல் படித்தோரும் வங்கிப் பணியில் இருப்போரும் எளிதில் அடையாளம் காணக்கூடிய ஒரு பண்பு அவற்றில் இருந்தது. இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் அது இல்லை. அது இல்லாமற்போனதன் விலையைக் குடும்பங்கள் தம் சேமிப்புக் கணக்கிலிருந்து செலுத்த நேர்கிறது.

அந்தக் காலச் சூழலைச் சற்று நினைவுகூர்வோம். 1984-85 கல்வியாண்டில் நடுவண் அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தின் கீழ்த் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற கணினியை வழங்கத் தொடங்கியது. அத்தகைய பள்ளிகளில் படித்தவர்கள் சிலரே. மற்றவர்களுக்குக் கணினி என்பது, ஊரின் கடைத்தெருவில் மாடியறையில் இயங்கிய பயிற்சி மையத்தில்தான் இருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குளிரூட்டிய அறைக்குள் ஓசையின்றி நுழைய வேண்டும். ஓர் இயந்திரத்துக்கு இரண்டு பேர், சில வேளைகளில் மூன்று பேர். ஒரு மணி நேர வகுப்பில் பாடம் முடிந்து மீதமிருக்கும் பத்து நிமிடங்களே விளையாட்டுக்கு உரியவை. ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி ஒன்றின் கொள்ளளவு 360 கிலோபைட்; இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. ஆனால் அதற்குள் பல விளையாட்டுகள் அடங்கியிருந்தன. அவை கைமாறி வந்தவை ஆதலால் விளக்கக் கையேடு எதுவும் உடன் வராது. தோற்றுத் தோற்றுத்தான் விதிகளைக் கண்டறிய வேண்டும்.

அவ்வாறு கண்டறிந்த விதிகளில் ஒன்று இன்றும் வியக்க வைக்கிறது. பாராட்ரூப்பரில் ஹெலிகாப்டரையோ வீரரையோ வீழ்த்தினால் புள்ளி கூடும். ஆனால் சுடும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி குறையும். விசையிலிருந்து விரலை எடுக்காமல் சுட்டுக்கொண்டே இருப்பவன் திரையை அதிர வைப்பான். அவனுடைய புள்ளிகள் மட்டும் உயரா. அதற்காகச் சுடாமலும் இருக்க முடியாது. பீரங்கியின் ஒரே பக்கத்தில் நான்கு வீரர்கள் தரையிறங்கிவிட்டால், அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி வந்து அதைத் தகர்த்துவிடுவார்கள். ஆகவே எதைச் சுடுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு நொடியும் கணக்கிட வேண்டும். வரவைச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இலாபத்தைச் சொல்ல முடியும் என்று கல்லூரியில் கற்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, பன்னிரண்டு வயதுச் சிறுவர்களின் விரல்கள் அதை அறிந்திருந்தன. இதை உருவாக்கிய கிரெக் கூப்பர்பெர்க் பிற்காலத்தில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார் என்பதை அறியும்போது பெரிய வியப்பு எழவில்லை.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா சற்றே புகழ்பெற்ற விளையாட்டு. ஜோர்டன் மெக்னர் உருவாக்கி 1989-இல் வெளியான அதில் இளவரசன் எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம். அந்தக் கட்டத்தின் தொடக்கத்திலிருந்து மீண்டும் எழுந்து ஓடலாம். ஆனால் மொத்தம் கொடுக்கப்பட்டது 60 நிமிடங்களே. உயிர் திரும்பக் கிடைக்கும். செலவழித்த நிமிடம் திரும்பாது. டேஞ்சரஸ் டேவ் இன்னும் எளிய பாடத்தை வைத்திருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் மின்னும் கற்கள் ஏராளமாக இருக்கும். அவற்றை எடுத்தால் புள்ளி கிடைக்கும். ஆனால் கதவைத் திறப்பது ஒரே ஒரு கோப்பை மட்டுமே. கற்களுக்கு ஆசைப்பட்டு நெருப்பில் விழுந்தவர்களுக்கு, விருப்பத்துக்கும் தேவைக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் விரிவுரையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இவை அனைத்துக்கும் பொதுவான பண்பு ஒன்றுதான்: அவை முடிந்தன. 'கேம் ஓவர்' என்ற இரண்டு சொற்கள் திரையில் தோன்றும். அதன்பின் அடுத்தவரிடம் இடத்தைக் கொடுத்துவிட்டு எழ வேண்டும். கணக்கியலில் கணக்குக் காலம் என்றொரு கருத்து உண்டு. வணிகம் ஆண்டாண்டாக நடக்கலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு நாளில் பேரேட்டை மூடி, இலாபமா நட்டமா என்று பார்த்தே ஆக வேண்டும். மூடப்படாத பேரேட்டிலிருந்து எவரும் தம் நிலையை அறிய இயலாது. பழைய விளையாட்டுகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்கை முடித்துக் காட்டின. தோல்வி அந்தத் திரையோடு நின்றது. மறுநாள் விளையாடும்போது நேற்றைய கடன் என்று எதுவும் தொடர்ந்து வரவில்லை.

இன்றைய கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றில் இந்த முடிவுதான் நீக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் காரணம் எளிது. அன்று விளையாட்டை உருவாக்கியவர் வட்டை விற்றபோதே தம் வருமானத்தைப் பெற்றுவிட்டார். நாம் எவ்வளவு நேரம் விளையாடினாலும் அவருக்குக் கூடுதல் வரவு இல்லை. இன்று விளையாட்டு இலவசமாகக் கிடைக்கிறது. நாம் உள்ளே இருக்கும் வரைதான் உருவாக்கியவருக்கு வருமானம். ஆதலால் ஆட்டம் முடியவே கூடாது. தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் தொடர் அறுபடும் என்ற அச்சம், இன்னும் சில நிமிடங்களே எஞ்சியிருக்கின்றன என்று மினுக்கும் சலுகை ஆகியவை வாசலில் நின்று நம்மை வெளியேற விடாமல் தடுக்கின்றன.

இதில் வங்கியாளரின் கண்ணுக்குப் படும் நுட்பம் ஒன்று உண்டு. ரூபாயைக் கொடுத்து நேரடியாகப் பொருளை வாங்க முடியாது. ரூபாயை முதலில் 'டைமண்ட்' ஆக்க வேண்டும்; அதைப் பிறகு 'காயின்' ஆக்க வேண்டும்; காயினைக் கொடுத்தால் வாள் கிடைக்கும். இரு முறை நாணயமாற்றம் நடந்தபின், அந்த வாளின் விலை எத்தனை ரூபாய் என்று பெரியவர்களாலேயே உடனே சொல்ல முடிவதில்லை. தொகுப்பாக விற்கப்படும் டைமண்டும் தேவைக்குச் சரியாக அமையாது. எப்போதும் கொஞ்சம் மிஞ்சும், அல்லது கொஞ்சம் குறையும். மிஞ்சியதைப் பயன்படுத்த மேலும் வாங்கத் தோன்றும். பாராட்ரூப்பர் ஒவ்வொரு குண்டின் விலையையும் திரையில் காட்டியது. இவையோ விலையை மறைப்பதையே கலையாக்கிக் கொண்டுள்ளன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கொடுத்துத் திறக்க வேண்டிய பெட்டிகளும் இவற்றில் உண்டு. அவற்றைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018-இல் அறிவித்தது.

நம் நாட்டிலும் சட்டம் விழித்துக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரங்களையும் தடை செய்கிறது. அவற்றுக்கான பணப் பரிமாற்றத்துக்கு வங்கிகள் துணைபோகவும் தடை விதிக்கிறது. இதை நாம் முழுமனதோடு வரவேற்கிறோம். ஆனால் சட்டம் பந்தயத்தைத் தடுக்கலாம். எங்கே நிறுத்துவது என்ற அளவை ஒரு பிள்ளைக்குக் கற்பிக்க அதனால் இயலாது. அந்தப் பணி வீட்டுக்கு உரியது.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய உண்மை ஒன்றையும் இங்கே சொல்வது கடமை. பிள்ளையிடம் பெற்றோரே கொடுத்த பின் எண்ணைக் கொண்டு செய்த பரிமாற்றம், மோசடிப் பரிமாற்றத்தைப் போன்றது அன்று. பணம் செலுத்துவதற்கான இரகசிய விவரங்களை வாடிக்கையாளரே பகிர்ந்ததால் ஏற்படும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும் என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதி. மேலும், தானாகப் பற்று வைக்கும் மாதாந்தர ஏற்பாடுகளுக்கு முதல் முறை ஒப்புதல் அளித்துவிட்டால், ரூ.15,000 வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கப்படுவதில்லை. பற்று வைப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வரும் அறிவிப்புச் செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள். கார்டின் இணையவழிப் பயன்பாட்டை வேண்டாதபோது அணைத்து வைக்கவும், அதற்கு உச்ச வரம்பு விதிக்கவும் உங்கள் கையிலேயே வசதி இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அந்த விளையாட்டுகள் இனித்ததற்குக் காரணம் அவற்றின் சிறப்பன்று, நம் வயதுதான் என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உண்மை இருக்கிறது. நான்கு நிறத் திரையும், காதைத் துளைக்கும் ஒற்றை ஒலியும் இன்றைய பிள்ளைகளுக்கு நகைப்பூட்டும். பழைய கணினியின் வேகத்தை நம்பி எழுதப்பட்ட சில விளையாட்டுகள், புதிய கணினியில் விளையாட முடியாத வேகத்தில் ஓடின. இன்றைய விளையாட்டுகள் அழகிலும் கதையிலும் எவ்வளவோ முன்னேறியவை. வேற்றூரில் இருக்கும் நண்பனோடு ஒன்றாக ஆடும் இன்பத்தை அவை தருகின்றன. அவற்றைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நாம் கோருவது ஒன்றே: ஆட்டத்துக்கு ஒரு முடிவு வேண்டும். விளையாட்டு அதைத் தராவிட்டால், நாம் தர வேண்டும்.

அதற்கு இரண்டு வழிகளைப் பரிந்துரைக்கிறோம். முதலாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பழைய விளையாட்டைப் பிள்ளையோடு சேர்ந்து ஆடிப் பாருங்கள். இணைய ஆவணக் காப்பகம் எனப்படும் இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு, 2015 சனவரியில் ஏறத்தாழ 2,400 டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஆடும் வகையில் தன் தளத்தில் வைத்தது. தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் மூல நிரல் வட்டுகளை மெக்னரின் தந்தை வீட்டில் கண்டெடுக்க, 2012-இல் அது அனைவரும் காண வெளியிடப்பட்டது. யாரோ சிலர் அக்கறையோடு காத்து வைத்ததால் அவை நம்மிடம் இன்றும் இருக்கின்றன. தாயோ தந்தையோ தோற்று எழுந்து இடம் கொடுப்பதைப் பிள்ளை பார்க்கட்டும். அறிவுரையைவிட அது ஆழமாகப் பதியும்.

இரண்டாவது வழி எங்கள் கிளைகளில் இருக்கிறது. பத்து வயது நிறைந்த பிள்ளைகள், வங்கி விதிக்கும் வரம்புக்கு உட்பட்டு, சேமிப்புக் கணக்கைத் தாமே தொடங்கி இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அந்த அறிவுறுத்தலிலேயே மற்றொரு நிபந்தனையும் இருக்கிறது: சிறார் கணக்கில் இருப்புக்கு மேல் பணம் எடுக்க அனுமதி இல்லை; கணக்கு எப்போதும் வரவிலேயே இருக்க வேண்டும். மாதம் ஒரு சிறு தொகையை அதில் இடுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். டைமண்ட் வாங்க ஆசையா? அந்தத் தொகையை உன் கணக்கிலிருந்து எனக்கு எடுத்துக் கொடு, வாங்கித் தருகிறேன் என்று சொல்லுங்கள். மாதம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து பாஸ்புக்கில் பதிவிட்டு வந்து, வரிவரியாகப் படியுங்கள். வாளுக்குப் போன ரூபாய் எத்தனை, கிரிக்கெட் மட்டைக்காகச் சேர்ந்திருக்கக்கூடியது எத்தனை என்று பிள்ளையே சொல்லட்டும்.

சுட்ட குண்டுக்கெல்லாம் ஒரு புள்ளி குறைவதை அன்று திரையில் பார்த்துக் கற்றோம். இன்று பிள்ளைகளுக்கு அதைக் காட்டும் திரை, அவர்கள் பெயரில் அச்சிடப்பட்ட ஒரு பாஸ்புக்காக இருக்கலாம். இருப்பு தீர்ந்தால் அந்த மாதத்தின் ஆட்டம் முடிந்தது. அடுத்த மாதம் புதிய ஆட்டம்.